பில் கவுண்டர் முறைகள்: எது தேறும், எது தேறாது

ஒரு கடையை எடைபோடும்போது பொருளின் தரத்தைப் பார்க்கிறோம், விலையைப் பார்க்கிறோம், ட்ராலி தள்ள இடம் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கிறோம். பில் போட்டு வெளியே வரும் கடைசிக் கட்டத்தை மட்டும் தலையெழுத்து என்று விட்டுவிடுகிறோம். அதுவும் கடை தரும் சேவைதான். அதற்கான செலவு பொருளின் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. எனவே அதற்கும் மதிப்பெண் போடலாம், போடத்தான் வேண்டும்.

அளவுகோல் ஒன்றே ஒன்று. எல்லாம் சரியாக நடந்தால் எந்த முறையும் வேகமாகத்தான் இருக்கும். பார்கோடு படிக்காதபோது, ஷெல்ஃபில் ஒட்டிய விலை ஒன்றும் திரையில் வரும் விலை இன்னொன்றுமாக இருக்கும்போது, கார்டு மெஷின் பாதியில் நின்றுபோகும்போது, அதைச் சரிசெய்ய அதிகாரம் உள்ள ஆள் எங்கே நிற்கிறார், வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது? கீழே வரும் தீர்ப்புகள் எல்லாம் இந்தக் கேள்வியை வைத்துச் சொல்லப்பட்டவை.

வரிசை திடீரென்று ஏன் நீள்கிறது

இந்தக் கணக்குக்கு நூறு வயது தாண்டிவிட்டது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏர்லாங் என்ற டென்மார்க் கணிதவியலாளர், தொலைபேசி அழைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று குவிவதைப் பற்றி 1909-ல் எழுதிய கட்டுரைதான் இதன் தொடக்கம். அதே கணக்கு பில் கவுண்டருக்கும் பொருந்தும்.

ஒரே கவுண்டர், ஒருவருக்கு பில் போடச் சராசரியாக 3 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் ஒழுங்கான இடைவெளியில் வருவதில்லை. ஒருவர் கையில் ஒரு சோப்பு, அடுத்தவர் பின்னால் ஒரு ட்ராலி. இப்படி இருக்கையில் கேஷியரின் நேரத்தில் 80 சதவீதம் வேலையில் போனால், தன் முறை வரும்வரை ஒருவர் நிற்கும் சராசரி நேரம் 12 நிமிடம். 90 சதவீதமானால் 27 நிமிடம். 95 சதவீதமானால் 57 நிமிடம். கூட்டம் கொஞ்சம்தான் கூடியது, காத்திருப்போ கிட்டத்தட்ட ஐந்து மடங்காகிவிட்டது. "இப்போதான் காலியா இருந்துச்சு, அதுக்குள்ள இவ்வளவு கூட்டமா" என்று திகைப்பது இதனால்தான்.

மறுபக்கத்தையும் பாருங்கள். 90 சதவீதத்தில் திணறும் அதே கூட்டத்துக்கு இரண்டாவது கவுண்டரைத் திறந்து, இரண்டுக்கும் பொதுவாக ஒரே வரிசை வைத்தால், சராசரிக் காத்திருப்பு 27 நிமிடத்திலிருந்து சுமார் 46 வினாடிக்கு இறங்கிவிடும். பாதியாகும் என்றுதான் மனம் சொல்லும். உண்மையில் முப்பத்தைந்தில் ஒரு பங்காகிறது. பத்து கவுண்டர் கட்டி இரண்டை மட்டும் திறந்து வைத்திருக்கும் நிர்வாகம் இந்தக் கணக்கைத்தான் அலட்சியம் செய்கிறது. கேஷியர் ஒரு நிமிடம்கூடச் சும்மா உட்காரக் கூடாது என்று ஆள் குறைக்கும் கடை, அந்த மிச்சத்தை வாடிக்கையாளர்களின் மணிக்கணக்கான நேரத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. கேஷியரைக் கோபித்துப் பயனில்லை. எத்தனை கவுண்டர் திறப்பது என்ற முடிவு அவர் கையில் இல்லை.

வரிசையில் மூன்று நான்கு பேர் சேர்ந்ததுமே அடுத்த கவுண்டரைத் திறக்கும் கடைக்கு முழு மதிப்பெண். பத்துப் பேர் சேர்ந்தபின் திறந்தால், குவிந்ததைக் கரைக்கவே நெடுநேரமாகும். திறக்கும் விதமும் முக்கியம். "இந்தப் பக்கம் வாங்க" என்று பொதுவாகக் குரல் கொடுத்தால், கடைசியில் வந்து நின்றவர் ஓடிப்போய் முதல் ஆளாகிவிடுவார். ஏற்கெனவே நிற்கும் வரிசையின் அடுத்த ஆளை நேராகக் கூப்பிட்டு அழைத்துப்போகப் பழக்கியிருந்தால், நிர்வாகம் வேலை தெரிந்தது என்று அர்த்தம்.

எவ்வளவு நேரமாகும் என்று நீங்களே கணக்கிட, ஜான் லிட்டில் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1961-ல் நிறுவிய விதி உதவும். வரிசை ஏறக்குறைய ஒரே நீளத்தில் நகரும்போது, காத்திருக்கும் நேரம் என்பது முன்னால் நிற்போர் எண்ணிக்கையை ஒரு நிமிடத்தில் வெளியேறுவோர் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. நான்கு நிமிடம் கவனியுங்கள். இரண்டு பேர் முடித்துப் போனால் நிமிடத்துக்கு அரை ஆள். முன்னால் எட்டுப் பேர் என்றால் 16 நிமிடம். நிற்பதா, இன்னொரு நேரம் வருவதா என்று அப்போதே முடிவெடுக்கலாம்.

ஒற்றை வரிசையா, கவுண்டருக்கொரு வரிசையா

எல்லோரும் ஒரே வரிசையில் நின்று, காலியாகும் கவுண்டருக்கு ஒவ்வொருவராகப் போகும் முறைதான் இருப்பதில் சிறந்தது. ஒரு கவுண்டரில் தடங்கல் வந்தாலும், அதன் பின்னால் மாட்டிக்கொள்ள யாரும் இல்லை, மற்ற கவுண்டர்கள் வரிசையை நகர்த்திக்கொண்டே இருக்கும். பின்னால் வந்தவர் முன்னால் போவதும் இல்லை. தனித்தனி வரிசையில் உங்களுக்கு இருபுறமும் ஒவ்வொரு வரிசை இருந்தால், மூன்றில் உங்களுடையதே வேகமாக நகர மூன்றில் ஒரு வாய்ப்புதான். "நான் நிக்கிற வரிசை மட்டும் நகராது" என்ற புலம்பலில் ராசி எதுவும் இல்லை. மூன்றுக்கு இரண்டு தடவை பக்கத்து வரிசைகளில் ஒன்று முந்தத்தான் செய்யும்.

ஒற்றை வரிசைக்குக் குறையும் உண்டு. பார்க்க நீளமாக இருப்பதால் சிலர் மிரண்டு திரும்பிவிடுவார்கள். பெரிய ட்ராலிகள் வளைந்து நிற்கப் போதிய இடம் வேண்டும். வரிசையின் தலையிலிருந்து கவுண்டர் தூரமென்றால், ஒவ்வொருவரும் நடந்துபோகும் சில வினாடிகள் வீணாகும். எந்தக் கவுண்டர் காலி என்று காட்டும் விளக்கோ எண் பலகையோ இல்லாத இடத்தில் முதல் ஆள் கவனிக்காமல் நின்றுவிட, கேஷியர் கையை ஆட்டிக்கொண்டிருப்பார். இவை எல்லாம் சரிசெய்யக்கூடியவை. தனித்தனி வரிசையின் குறை அதன் அமைப்பிலேயே இருக்கிறது.

குறைந்த பொருள் உள்ளவர்களுக்கான எக்ஸ்பிரஸ் கவுண்டர் பல நேரம் பெயருக்குத்தான் வேகம். டான் மேயர் என்ற அமெரிக்கக் கணித ஆசிரியர் கடையில் கவுண்டர் நேரங்களைக் குறித்துப் பார்த்து, ஒருவருக்கு நிலையாக ஆகும் நேரம் சுமார் 41 வினாடி, ஒவ்வொரு பொருளுக்கும் சுமார் 3 வினாடி என்று காட்டினார். வணக்கம் சொல்வது, பை கேட்பது, பணம் தேடுவது, சில்லறை வாங்குவது, இடத்தைக் காலி செய்வது எல்லாம் அந்த 41-க்குள். எக்ஸ்பிரஸில் ஆளுக்கு 6 பொருளோடு 5 பேர் நின்றால் 295 வினாடி, அதாவது 5 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. பக்கத்தில் 60 பொருள் நிரம்பிய ட்ராலியோடு ஒரே ஒருவர் என்றால் 221 வினாடி, 4 நிமிடம்கூட இல்லை. கடைக்குக் கடை எண்கள் மாறும், ஆனால் ஆளுக்கு ஆகும் நேரம் பொருளுக்கு ஆவதைவிடப் பல மடங்கு என்பது மாறாது. ட்ராலிகளைப் பார்க்காதீர்கள், தலைகளை எண்ணுங்கள். ஒரே ட்ராலிக்கு இரண்டு பேர் என்றால் அது ஒரு கணக்குதான். அந்த இரண்டாவது ஆள் பையில் அடுக்க உதவுவார் என்பதால் நல்லதும்கூட.

கவுண்டரைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னும் சிலவற்றைப் பாருங்கள். ஸ்கேன் செய்பவர் வேறு, பையில் போடுபவர் வேறு என்று இருவர் இருந்தால் அங்கே போங்கள். பார்கோடு இல்லாமல் உதிரியாக எடுத்த பொருள்கள் பெல்ட்டில் தெரிந்தால், ஒவ்வொன்றுக்கும் எண் தேடித் தட்ட வேண்டியிருக்கும். வெளியே வரும் பில்லின் ஓரத்தில் சிவப்பு அல்லது இளஞ்சிவப்புக் கோடு ஓடினால் ரோல் தீரப்போகிறது, மாற்ற வேண்டிவரும். கேஷியர் கல்லாவைத் திறந்து நோட்டுகளை எண்ண ஆரம்பித்தால் ஷிஃப்ட் மாறுகிறது. அந்த வரிசையில் புதிதாகச் சேர வேண்டாம்.

கேஷியர் உள்ள கவுண்டர்: தடங்கல் எங்கே பிறக்கிறது

கடையில் பார்கோடு முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்டது 1974 ஜூன் 26 அன்று, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ட்ராய் என்ற ஊரில். பொருள், ஒரு சூயிங்கம் பாக்கெட். ஐம்பது ஆண்டு கடந்தும் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. சாதாரணப் பார்கோடில் விலை கிடையாது. அது பொருளின் அடையாள எண் மட்டுமே. விலை கடையின் கணினியிலிருந்து வருகிறது. ஷெல்ஃபில் தள்ளுபடிச் சீட்டு ஒட்டி, கணினியில் மாற்ற மறந்தால் பழைய விலை வரும். தள்ளுபடி முடிந்து, சீட்டைக் கிழிக்க மறந்தாலும் அதே கதை. கடையில் எடைபோட்டு ஒட்டும் ஸ்டிக்கர் மட்டும் வேறு வகை. பெரும்பாலும் 2 என்ற இலக்கத்தில் தொடங்கும் அந்த எண்ணுக்குள் எடையோ தொகையோ இருக்கும். தொகை இருந்தால், ஒட்டிய நேரத்து விலைதான் பில்லில் வரும்.

விலை தவறென்று தோன்றினால், அந்தப் பொருளை ஸ்கேன் செய்த உடனேயே சொல்லுங்கள். பணம் கட்டும் முன் அது பில்லில் ஒரு வரியை நீக்கும் வேலை. கட்டியபின் ரீஃபண்ட், அதற்கு வேறு கவுண்டர், வேறு வரிசை. தள்ளுபடிப் பொருளை எடுக்கும்போதே ஷெல்ஃப் சீட்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள். விலையோடு அதில் சிறிதாக அச்சிட்ட பொருள் எண்ணும் படத்தில் தெரிய வேண்டும். அதே பிராண்டின் வேறு அளவுக்கான சீட்டு அது என்பது பல தகராறுகளின் முடிவு.

இனி முக்கியமான கட்டம். பல கடைகளில் பில்லில் ஏறிய ஒரு வரியை நீக்கக்கூட கேஷியருக்கு அனுமதி கிடையாது, சூப்பர்வைசர் வந்து தன் சாவியையோ கார்டையோ போட வேண்டும். திருட்டைத் தடுக்க வைத்த ஏற்பாடு, ஒரு தளத்துக்கு ஒரே சூப்பர்வைசர் என்றால் வரிசையையே பூட்டிப்போடுகிறது. நல்ல கடையில் சிறு தொகைவரை கேஷியரே திருத்தலாம், அதற்கு மேல் என்றால் சூப்பர்வைசர் கூப்பிடு தூரத்தில் நிற்பார். இதோடு, பில்லிங் மென்பொருள்களில் பொதுவாகவே பில்லை நிறுத்திவைக்கும் வசதி உண்டு. விலை சரிபார்க்க ஆள் போயிருக்கும்போது "இந்த பில்லை ஹோல்டுல போட்டுட்டு அடுத்தவரைப் பாருங்க" என்று நீங்களே சொல்லலாம். உங்கள் பில் அழியாது, பின்னால் இருப்பவர்களும் தவிக்க மாட்டார்கள். கேஷியர்கள் தயங்கினால், பெரும்பாலும் அப்படிச் செய்யச் சொல்லித்தரவில்லை என்பதே காரணம்.

பார்கோடு படிக்கவில்லையென்றால் கசங்கல், ஈரம், பனி மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். கோடுகளுக்கு இருபுறமும் உள்ள வெள்ளை இடம் மடிந்திருந்தாலும் படிக்காது. துடைத்து, இழுத்துத் தட்டையாக்கிக் காட்டலாம். அப்படியும் ஆகவில்லையென்றால் கீழே உள்ள 13 இலக்கங்களைத் தட்டலாம். கடைசி இலக்கம் மற்றவற்றைச் சரிபார்ப்பதற்கென்றே இருப்பதால், ஓர் இலக்கம் தவறினாலும் மெஷின் ஏற்காது. வேறு பொருள் ஏறிவிடுமோ என்ற பயம் வேண்டாம். ஸ்டிக்கரே கிழிந்த பொருளை ஷெல்ஃபிலேயே விட்டுவிட்டு இன்னொன்றை எடுப்பது இதையெல்லாம்விட எளிது.

சில நிர்வாகங்கள் கேஷியர் நிமிடத்துக்கு எத்தனை பொருள் ஸ்கேன் செய்கிறார் என்று அளக்கின்றன. தலை நிமிராமல், முகம் பார்க்காமல் வேலை செய்வதைத் திமிர் என்று எழுதிவிடுகிறோம். அதில் பாதி இந்த அளவீட்டின் அழுத்தம். புகார் எழுதும்போது ஆளின் பெயரை முன்னால் போடாமல், நேரம், கவுண்டர் எண், எத்தனை கவுண்டர் மூடியிருந்தது என்பதைப் போடுங்கள். நிர்வாகத்தால் மறுக்க முடியாத விவரம் அதுதான்.

நாமே பில் போடும் மெஷின்

பத்துப் பதினைந்து பொருள்வரை நல்லது, ட்ராலி நிறைய என்றால் வேண்டாம். காரணம் மெஷினுக்குள் இருக்கிறது. ஸ்கேன் செய்த பொருளை வைக்கும் மேடைக்கு அடியில் பெரும்பாலும் ஒரு தராசு உண்டு. ஒவ்வொரு பொருளின் எடையும் கணினியில் பதிவாகியிருக்கும். மேடையில் கூடிய எடையும் பதிவும் ஒத்துப்போகாவிட்டால் மெஷின் நின்றுவிடும், மேலே உள்ள விளக்கு நிறம் மாறி ஊழியரைக் கூப்பிடும். மெல்லிய அட்டை போன்ற கனமில்லாத பொருளைத் தராசு உணராமல் போகலாம். கம்பெனி பாக்கெட்டின் அளவை மாற்றி, கடை பழைய எடையையே வைத்திருக்கலாம். ஓரத்தில் கையை ஊன்றினாலும், குழந்தை சாய்ந்தாலும், சொந்தப் பையை முன்கூட்டிச் சொல்லாமல் வைத்தாலும் கணக்கு குழம்பும்.

சொந்தப் பை என்றால் அதற்கான பட்டனை அழுத்தியபின் வையுங்கள். ஒரு பொருளை ஸ்கேன் செய்து, மேடையில் வைத்து, திரை அதை ஏற்றபின்தான் அடுத்ததை எடுக்க வேண்டும். வேகமாக இரண்டைக் காட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. வைத்த பொருளைப் பணம் கட்டும்வரை தூக்காதீர்கள். வயது சரிபார்க்க வேண்டிய பொருளோ பாதுகாப்பு டேக் மாட்டிய பொருளோ ஒன்று இருந்தாலும் ஊழியர் வந்தே ஆக வேண்டும். அப்போது முதலிலேயே கேஷியரிடம் போய்விடுவது மேல்.

இந்த முறையின் தரம் மெஷினில் இல்லை, அந்த இடத்துக்கு விட்டிருக்கும் ஊழியரில் இருக்கிறது. ஏழெட்டு மெஷினுக்கு ஒருவர், அவரே ரிட்டர்ன் வேலையும் பார்க்கிறார் என்றால் தேறாது. நிற்கும் இடத்திலிருந்தே எல்லாத் திரையையும் பார்த்து, கையிலுள்ள கருவியால் அங்கிருந்தே அனுமதி கொடுக்கிறார் என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

போனிலேயே ஸ்கேன் செய்துகொண்டு போகும் முறை வேகத்தில் முதலிடம். ஆனால் இடையிடையே சோதனைக்கு நிறுத்துவார்கள், அதற்கென்று ஆள் இல்லாத கடையில் மிச்சம் பிடித்த நேரமெல்லாம் அங்கே போய்விடும். துணிகளில் ஆர்எஃப்ஐடி எனப்படும், ரேடியோ அலையால் படிக்கக்கூடிய சீட்டு வைத்து, கூடையோடு மொத்தமாகப் படிக்கும் மெஷின் அருமையானது. உலோகமும் திரவமும் அந்த அலைகளைக் கெடுக்கும் என்பதால் எல்லாக் கடைக்கும் அது ஒத்துவராது.

ரிட்டர்ன் மேசையும் கஸ்டமர் கேரும்

ரிட்டர்ன் மேசையில் வரிசையின் நீளத்தை நம்பவே கூடாது. ஒருவருக்கு ஒரு நிமிடம், அடுத்தவருக்கு இருபது நிமிடம். இப்படி ஏற்ற இறக்கம் உள்ள இடத்தில் ஒரே ஆளை உட்கார வைப்பது கடை செய்யும் பெரிய பிழை. பில்லில் உள்ள எண்ணை ஸ்கேன் செய்துதான் பழைய விற்பனையைத் தேடுவார்கள். பில் அச்சாவது வெப்பத்தாளில். வெயில், சூடு, பிளாஸ்டிக் உறை எல்லாம் எழுத்தை மங்கவைக்கும். வாங்கிய அன்றே, எண்ணும் பார்கோடும் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

போன் சேவையில், 80 சதவீத அழைப்புகளை 20 வினாடிக்குள் எடுப்பது என்பது கால் சென்டர்களில் பரவலான இலக்கு. எடுத்தபின் தீர்ந்ததா என்பதை அது அளப்பதில்லை. சாட்டில் ஒரே ஊழியர் ஒரே நேரத்தில் பல பேரோடு பேசுவது வழக்கம். பதில் தாமதமாக வர அதுவும் காரணம், எனவே கேள்வியை ஐந்து துண்டாக அனுப்பாமல் ஒரே செய்தியில் அனுப்புங்கள்: ஆர்டர் எண், வாங்கிய தேதி, பொருளின் வரிசை எண், என்ன கோளாறு, உங்களுக்கு வேண்டியது ரீஃபண்டா மாற்றுப் பொருளா. வேண்டியது என்ன என்ற கடைசி வரியை எழுதாத புகார்கள்தான் "வருந்துகிறோம்" என்ற பதிலோடு மூடப்படுகின்றன.

பேசத் தொடங்கியதும் கேட்க வேண்டியது, "இதை முடிவு பண்ண உங்களுக்கு அதிகாரம் இருக்கா, இல்லன்னா யார்கிட்ட இருக்கு?" முதலில் எடுப்பவருக்கு ஒரு தொகை வரம்பு இருக்கும். அதைத் தாண்டிய விஷயத்தை அவரிடம் அரைமணி நேரம் வாதாடினாலும் கிடைக்காது. மரியாதையாகக் கேட்டால் மேலே மாற்றிவிடுவார். போனை வைப்பதற்கு முன் புகார் எண், பேசியவரின் பெயர் அல்லது ஊழியர் எண், எந்தத் தேதிக்குள் பதில் என்ற மூன்றையும் வாங்குங்கள். இவற்றைத் தாமாகவே எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும் சேவைக்கு நல்ல மதிப்பெண். ஒவ்வொரு தடவையும் கதையை முதலிலிருந்து சொல்லவைக்கும் சேவை தேறாது. திரும்ப அழைக்கும் வசதி இருந்தால் இசை கேட்டுக்கொண்டு காத்திருக்கத் தேவையில்லை, அதையே தேர்ந்தெடுங்கள்.

கார்டு மெஷின் பாதியில் நின்று, பணம் போய்விட்டதாகச் செய்தி வந்து, பில் மட்டும் வராத நிலையில் உடனே இரண்டாவது தடவை கார்டைக் காட்டாதீர்கள். முதலில், கடைசிப் பரிவர்த்தனையின் நகலை மெஷினில் அச்சிடச் சொல்லுங்கள். பெரும்பாலான மெஷின்களில் அந்த வசதி உண்டு. "மறுக்கப்பட்டது" என்று வந்தால் அந்தச் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு மறுபடி கட்டலாம். பிடித்த தொகையை வங்கி வழக்கமாகத் தானே விடுவிக்கும். "ஏற்கப்பட்டது" என்று வந்தால் பணம் கட்டியாகிவிட்டது, சீட்டில் உள்ள 6 எழுத்து அனுமதி எண்ணைக் காட்டி பில்லை முடிக்கச் சொல்லலாம். எதுவுமே அச்சாகவில்லையென்றால் நேரம், தொகை, மெஷினின் மேல் ஒட்டியிருக்கும் டெர்மினல் எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வங்கியில் புகார் தரும்போது சீட்டில் 12 இலக்கக் குறிப்பு எண் இருந்தால் அதையும், இல்லாவிட்டால் இந்த மூன்றையும் கொடுங்கள். தகராறு எழுப்ப வங்கியின் காலக்கெடு உண்டு, கடையின் பதிலுக்காகக் காத்திருந்து அதைத் தவறவிட வேண்டாம்.